கூட வருகிறான் என்று நினைத்தோம்



பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து நாசரேத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மரியாளும் யோசேப்பும், ஒரு நாள் வழி நடந்து முடிந்த பின்னரே தங்கள் மகன் தங்களோடு இல்லை என்பதைக் கண்டார்கள். அப்போது இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. புனித லூக்காஸ் தமது நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இதை எழுதும்போது, அந்தத் தாயும் தந்தையும் கவலையீனமானவர்கள் என்று எழுதவில்லை. மகன் வழிப்பயணக் கூட்டத்தோடு வருகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள் என்றே எழுதுகிறார். உறவினர் இருக்கிறார்கள், ஊரவர் இருக்கிறார்கள், தெரிந்த பாதை, தெரிந்த முகங்கள். இதற்குள் பிள்ளை எங்கே போய்விடப் போகிறான்?

உலகம் கண்ட மிகச் சிறந்த பெற்றோருக்கே இது நடந்தது. ஆதலால் நமக்கும் நடக்கலாம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஏதுமில்லை.

நமது பிள்ளைகள் தொலைந்துபோவது எருசலேம் வீதியிலே அல்ல, வீட்டுக்குள்ளே. விடிய ஐந்தரைக்கு எழும்பி மகன் ரியூசனுக்குப் போகிறான். அங்கிருந்து பாடசாலை, பாடசாலை விட்டு மறுபடியும் ரியூசன். இரவு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நம்மோடு ஒரே வாங்கில் இருக்கிறான். கண்முன்னே இருக்கிறான், ஆகவே கூட வருகிறான் என்று நினைக்கிறோம். ஆனால் தன் மனதிலுள்ளதை அவன் கடைசியாக எப்போது நம்மிடம் சொன்னான் என்று யாரேனும் கேட்டால், பதில் சொல்ல நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை நாள் வழி நடந்துவிட்டோம் என்பது நமக்கே தெரியவில்லை.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், குடும்ப வாழ்வைப் பற்றி 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் ஊக்கவுரையில் இதையே பெற்றோருக்கு நினைவூட்டினார். பிள்ளை இந்த நேரத்தில் எந்த இடத்தில், யாரோடு நிற்கிறான் என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருப்பது வளர்ப்பு ஆகாது. அவனுடைய உள்ளம் எங்கே நிற்கிறது, எதை நாடுகிறது என்பதை அறிய விரும்புகிறோமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. இன்றைக்கு அந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டு விறாந்தையில் வைத்துச் சிந்திப்போம்.

எங்களுக்கு இல்லாத கஷ்டமா?

பன்னிரண்டு வயது தொடக்கம் பத்தொன்பது வரையான இக்காலத்தைக் கட்டிளமைப் பருவம் என்கிறோம். உடல் ஒரு வருடத்திலேயே ஆளை மாற்றிவிடுகிறது. உணர்ச்சிகள் முழுவேகத்தில் ஓடுகின்றன. ஆனால் அவற்றை நிறுத்துப் பார்த்துக் கடிவாளம் பிடிக்கும் மூளைப்பகுதியோ இருபத்தைந்து வயதளவிலேயே முழு வளர்ச்சி அடைகிறது என்பது இன்று மருத்துவம் அறிந்த உண்மை. ஆகவே சிடுசிடுப்பும், காரணமில்லாத கண்ணீரும், பெற்றோர் சொல்வதற்கெல்லாம் எதிர்ச்சொல்லும் இந்த வயதில் ஓரளவுக்கு இயல்பானவையே. இவையெல்லாம் நோயல்ல.

ஆயினும் சில பிள்ளைகளுக்கு இது பருவத்தின் கொந்தளிப்போடு நின்றுவிடுவதில்லை. 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நமது மறைக்கல்வி வகுப்பு ஒன்றில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தால், அந்தக் கணக்கின்படி நால்வர். அந்த நால்வரும் யார் யார் என்பது, அவர்களுடைய வீட்டாருக்கும் பெரும்பாலும் தெரியாது.

இதைச் சொல்லும்போது பல வீடுகளில் எழும் பதில் எனக்குத் தெரியும். "எங்களுக்கு இல்லாத கஷ்டமே இவைக்கு? நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். பங்கருக்குள்ளை இருந்து படிச்சனாங்கள். இவைக்கு நேரத்துக்குச் சாப்பாடு, கையிலை போன். இன்னும் என்ன குறை?"

இது பொய்யான பேச்சு அல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்குப் பெரும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அளந்து எண்ணெய் விட்டு, திரி ஏற்றிப் படித்த தலைமுறை நாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, புத்தகப் பையை ஒரு கையிலும் தம்பி தங்கையரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் நம்மில் பலர். இவ்வரிகளை எழுதுகிறவனும் அந்த விளக்கில் படித்தவனே.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்தத் துன்பம் எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. ஷெல் விழுந்தபோது பங்கருக்குள் பக்கத்து வீட்டாரும் இருந்தார்கள். இடம்பெயர்ந்தபோது வழி முழுவதும் சனம் நடந்தது. நாம் அழுதபோது, ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். இன்றைய பிள்ளையின் துன்பத்துக்கு அப்படிப்பட்ட துணை இல்லை. வகுப்பிலே ஒருவன் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்ட சொல். தொலைபேசிக்குத் தொலைபேசி பரவிவிட்ட ஒரு படம். எதிர்பார்த்த பெறுபேறு வராத நாளில் சந்தியில் தொங்கிய, மற்றப் பிள்ளைகளின் படம் போட்ட பதாகை. வெளிநாட்டிலிருந்து குரலாக மட்டும் வரும் தகப்பன். கடன் கொடுத்தவர் படலையில் வந்து நின்ற நாளில் கண்ட தாயின் முகம். இவற்றைப் பிள்ளை தனியே சுமக்கிறது. பாரம் ஒன்றேயானாலும் இருவர் தூக்குவதும் ஒருவர் தூக்குவதும் ஒன்றல்ல.

இன்னுமொன்று. நாம் பட்டவற்றில் மிகப் பெரியவற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவேயில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின் பிறந்த பிள்ளை, அம்மா சில நாட்களில் ஏன் பேசாமல் இருக்கிறா, அப்பா வெடிச்சத்தம் கேட்டால் ஏன் எழும்பி வெளியே போகிறார் என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்திருக்கிறது. நோகிற காரியத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற பாடத்தை நாம் வாயால் சொல்லாமலே அதற்குக் கற்பித்துவிட்டோம். இப்போது அது தன் நோவைச் சொல்லாமல் இருப்பதைக் கண்டு நாமே ஆச்சரியப்படுகிறோம்.

யன்னல்கள் சாத்திய மாலை

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். ஏறக்குறையப் பதினைந்து வருடங்களுக்கு முன் நான் உதவிப் பங்குக் குருவாயிருந்த ஒரு பங்கில், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பீடப்பணியாளன் ஒருவன் இருந்தான். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. இன்று குடும்பஸ்தராயிருக்கும் அவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

ஒரு மாலை செபமாலை முடிந்து எல்லோரும் போனபின், கோயில் யன்னல்களைச் சாத்த எனக்கு உதவி செய்துகொண்டு நின்றான். எல்லா யன்னலும் சாத்தியாயிற்று, அவன் போகவில்லை. "பாதர், தற்கொலை செய்யிற ஆக்கள் எல்லாரும் நரகத்துக்கோ போறவை?" என்று கேட்டான்.

குருமடத்தில் படித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்தாம் கட்டளை, உயிர் கடவுளின் கொடை என்பது, முழு அறிவும் முழுச் சம்மதமும் இருந்தால்தான் சாவான பாவம் என்பது, திருச்சபை எவரையும் நரகத்துக்கெனத் தீர்ப்பிடுவதில்லை என்பது. எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். கால் மணித்தியாலம் பேசியிருப்பேன். அவன் தலையாட்டினான். "நல்லாச் செபம் செய்யும், சோதினை எல்லாம் சரிவரும்" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். நல்ல கேள்வி கேட்கிற பிள்ளை என்று உள்ளுக்குள் மகிழ்ந்தும்கொண்டேன்.

பத்து நாட்களின் பின் அவனை வைத்தியசாலைக் கட்டிலில் கண்டேன். ஆண்டவர் காத்தார், வைத்தியர்களும் தாதியரும் இரவிரவாக நின்று காத்தார்கள். ஓரளவு தேறியபின் ஒருநாள் அவனருகில் இருந்தேன். குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகவே அவன் சொன்னான்: "நீங்கள் எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்கள், பாதர். ஏன் கேக்கிறாய் எண்டு மட்டும் கேக்கேல்லை."

எத்தனையோ பேருடைய பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். என்னைத் திருத்தியது இந்த ஒன்றுதான்.

கேட்டல் என்னும் சொல்லுக்கு நம் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. வினாவுவதும் கேட்டல், செவிமடுப்பதும் கேட்டல். மூன்றாம் நாளில் பெற்றோர் இயேசுவை ஆலயத்தில் கண்டபோது அவர் செய்துகொண்டிருந்ததும் இந்த இரண்டையுமே. போதகர் நடுவில் இருந்து அவர்களுக்குச் செவிமடுத்துக்கொண்டும், அவர்களிடம் வினாவிக்கொண்டும் இருந்தார். அன்னை மரியாளும் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தாமும் தந்தையும் பட்ட வேதனையை மறைக்காமல் சொன்னார். பின்பு பதிலுக்குச் செவிகொடுத்தார். அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று சுவிசேஷகர் ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காததைத் தூக்கி எறியாமல் அன்னை அதைத் தம் இதயத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளை சொல்வதெல்லாம் நமக்கு விளங்க வேண்டும் என்று கடவுள் எதிர்பார்க்கவில்லை. அதை வைத்துக்கொள்ள நம்மிடம் இடம் இருக்கவேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்.

புனித யோசேப்பு அங்கே ஒரு வார்த்தையேனும் பேசியதாக எழுதப்படவில்லை. ஆனால் அவரும் அந்த மூன்று நாளும் தேடி நடந்தார். பிள்ளையின் காரியம் தாயின் பொறுப்பு என்று அவர் நாசரேத்துக்குப் போய்விடவில்லை. "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று பிள்ளைகள் தாயிடம் கெஞ்சும் வீடுகள் நம்மிடையே அதிகம். தகப்பன்மாரே, பேச வராவிட்டால் பரவாயில்லை, கூட நடவுங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது, கடற்கரையில் வலையைப் பிரிக்கும்போது மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததை, பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

சூரைச்செடியின் கீழ்

மனம் உடைந்துபோன ஒருவரை ஆண்டவர் எவ்வாறு நடத்துகிறார் என்பதை அறிய வேண்டுமானால், அரசர் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எலியா பெரிய இறைவாக்கினர். ஆனால் ஈசபேல் அரசியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். தம் ஊழியனையும் வழியில் விட்டுவிட்டு, தனியே ஒரு நாள் வழி பாலைநிலத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டுகிறார். தாம் தம் முன்னோரைவிட மேலானவர் அல்ல என்பதையும் காரணமாகச் சொல்கிறார். தன்னை மற்றவரோடு ஒப்பிட்டுத் தோற்றுப்போன மனதின் குரல் அது. "அண்ணாவைப்போல எனக்குப் படிக்க ஏலாது" என்று சொல்லும் பிள்ளையின் குரலும் அதுதான்.

ஆண்டவர் என்ன செய்தார்? விசுவாசக் குறைவு என்று கண்டித்தாரா? உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா என்று கேட்டாரா? இல்லை. எலியாவை நித்திரை கொள்ள விட்டார். பின்பு தூதர் வந்து தொட்டு எழுப்பினார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். ஆண்டவர் மறுபடியும் நித்திரை கொள்ள விட்டார். இரண்டாம் முறையும் தூதர் தொட்டு எழுப்பி உண்ணச் சொன்னபோது, வழி உனக்கு மிஞ்சியதாயிருக்கிறது என்ற கருத்தையே சொன்னார். நீ பலவீனன் என்று சொல்லவில்லை. வழி நீண்டது என்றார். அதன்பின் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகே ஆண்டவர் பேசினார். பேசியதும் ஒரு கேள்வி: எலியா, இங்கே என்ன செய்கிறாய்? அதே கேள்வியை இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் எலியா ஒரே முறைப்பாட்டையே சொன்னார். முதலே சொன்னாய்தானே என்று ஆண்டவர் தடுக்கவில்லை. பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாதவர் மெல்லிய ஒலியிலே வந்தார். கடைசியில் எலிசேயுவை அவருக்குத் துணையாகக் கொடுத்தார்.

பெற்றோரே, இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் நித்திரையும் சாப்பாடும், பின்பு தொடுகை, பின்பு கேள்வி, பின்பு செவிமடுத்தல், அதன்பின்னரே வேலையும் துணையும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நித்திரையை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று தொடக்கம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். இந்தப் பருவத்தில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப்போகிறது. இரவு நேரத்தோடு நித்திரை வராது, விடிய எழும்பவும் ஏலாது. அது சோம்பல் அல்ல. இரவு பதினொன்றரை வரை படித்து, விடிய ஐந்தரைக்கு ரியூசனுக்கு எழும்பும் பிள்ளைக்கு ஆறு மணித்தியாலந்தான் கிடைக்கிறது. படுத்தபின் தொலைபேசி கையிலிருந்தால் அதுவும் இல்லை. ஆகவே இரவில் தொலைபேசிகள் எல்லாம், அப்பா அம்மாவின் தொலைபேசிகளும் உட்பட, ஒரே மேசையில் கிடக்கட்டும். ஒரு ரியூசன் வகுப்பைக் குறைத்தால் குடி முழுகிவிடாது. நாளுக்கு ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாயிருந்து சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் மாத்திரம் பரீட்சையைப் பற்றிக் கதைக்காதேயுங்கள்.

ரோமையிலிருந்து 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் சபையினருக்கு எழுதிய கடிதமொன்றில் புனித டொன் பொஸ்கோ சொல்லிவைத்த புத்தி நமக்கும் உரியது: இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும். பிள்ளைக்காக உழைக்கிறோம், பட்டினி கிடக்கிறோம், நகையை அடகு வைக்கிறோம். நேசம் இல்லாமல் இதைச் செய்வோமா? இல்லை. ஆனால் பிள்ளையின் காதில் விழுவதோ, "எவ்வளவு செலவழிச்சனாங்கள் தெரியுமே" என்பது மட்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

வாட்டமான நாட்கள் எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாகப் பிள்ளை பெரும்பாலும் சோர்ந்தோ, எரிந்து விழுந்தோ இருந்தால். முன்பு விரும்பிய விளையாட்டையும் பாட்டையும் நண்பரையும் விட்டு ஒதுங்கினால். நித்திரையும் சாப்பாடும் மிகக் குறைந்தாலோ கூடினாலோ. படிப்பு திடீரென விழுந்தால். வைத்தியர் பார்த்தும் காரணம் தெரியாத தலையிடியும் வயிற்றுநோவும் தொடர்ந்தால். கையை மறைக்க எந்நேரமும் நீண்ட சட்டை போட்டால். தான் ஒன்றுக்கும் உதவாதவள், தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று பேசினால். தனக்குப் பிரியமான பொருட்களைக் காரணமில்லாமல் கொடுத்துவிடத் தொடங்கினால், இனியும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இத்தகைய வேளையில் உயிரைவிட நினைக்கிறாயா என்று பிள்ளையிடம் நேரே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. அமைதியாகவும் அன்பாகவும் கேட்கப்படும் அந்தக் கேள்வி, அடைத்துக் கிடந்த கதவைத் திறக்கிறது. ஆம் என்று பிள்ளை சொன்னால் அதட்டாதேயுங்கள், சத்தியம் வாங்காதேயுங்கள், தனியே விடாதேயுங்கள். அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். தோட்டத்துக் கிருமிநாசினியும் வீட்டிலுள்ள மாத்திரைகளும் எப்போதும் பூட்டியே இருக்கட்டும். இது சிறிய காரியம் அல்ல. 1995ஆம் ஆண்டளவில் நமது நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற கணக்கில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்கள். மிகக் கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அந்தத் தொகை பாதிக்கும் கீழாக இறங்கியது. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில மணித்தியாலங்களில் தணிந்துவிடும். அந்த மணித்தியாலங்களைக் கடக்க உதவுவதே பல வேளைகளில் ஓர் உயிரைக் காப்பதாகும்.

ஊர் என்ன சொல்லும்?

காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓடும் நாம், மனம் நோயுற்றால் ஏன் இரவில் ஒளித்துப் போகிறோம்? "விசர் எண்டு சொல்லிப்போடுவினம். நாளைக்குத் தங்கைச்சிக்குச் சம்பந்தம் வராது." இந்தப் பயத்தால் எத்தனையோ பிள்ளைகள் வருடக்கணக்கில் மருந்தில்லாமல் வாடுகிறார்கள். வேறு சிலர் தியானம், நேர்த்தி, நற்செய்திக் கூட்டம் என்று அலைகிறார்கள். செபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. குரு அதைக் குறைத்துச் சொல்ல முடியுமா? ஆனால் வைத்தியனையும் மருந்தையும் உண்டாக்கியவர் ஆண்டவரே, வைத்தியனுக்கு இடம் கொடு என்று சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் படிப்பிக்கிறது. செபம் செய்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். வைத்தியரிடம் போய்வந்து செபம் செய்யுங்கள்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் தந்தை லூயி மார்ட்டின் 1889ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கான் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே இருந்தார். அப்போது தெரேசம்மாளுக்கு வயது பதினாறு. கார்மேல் மடத்தின் உடுப்பை உடுத்தி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. பெண்பிள்ளைகள் மடத்துக்குப் போனதாலேதான் தகப்பனுக்கு இப்படியாயிற்று என்று ஊரார் கதைத்தார்கள். அந்தத் தகப்பனைத்தான் 2015ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அவர் மனைவி செலியோடு சேர்த்துத் திருச்சபை புனிதராகப் பிரகடனம் செய்தது. ஊர் சொன்னது ஒன்று. திருச்சபை சொன்னது வேறொன்று. மனநோய் புனிதத்துக்குத் தடை என்று நினைக்கும் கத்தோலிக்கன் நம் பீடங்களைச் சரியாகப் பார்க்கவில்லை.

பிள்ளையை இழந்துவிட்ட குடும்பங்களும் இதை வாசிப்பீர்கள் என்பதை அறிவேன். உங்களுக்கு ஒரு வார்த்தை. தற்கொலை செய்தோருக்குக் கிறிஸ்தவ அடக்கச் சடங்கை மறுக்கும் விதி 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அந்த விதி இல்லை. கடுமையான மனக்கலக்கமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், தம்முயிரை மாய்த்தோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2282ஆம், 2283ஆம் பகுதிகளில் போதிக்கிறது. உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பூசை கேளுங்கள். வெட்கப்படாதேயுங்கள்.

இந்தக் கிழமை

உதவி தொலைவில் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிள்ளைக்கு யாரேனும் தீங்கு செய்கிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். உளவளத்துணையாளரிடம் போவது வெட்கக்கேடல்ல. பங்குக் குருவிடமும் வாருங்கள். இப்போது அவர்களில் ஒருவனாவது, பதில் சொல்வதற்கு முன் கேட்கப் பழகியிருக்கிறான். ஒரு வேண்டுகோள்: பிள்ளை நம்பிச் சொன்னதை லண்டனுக்கும் கனடாவுக்கும் போன் எடுத்துச் சொல்லிவிடாதேயுங்கள். ஒருமுறை அந்த நம்பிக்கை போனால் திரும்ப வர நாட்செல்லும்.

இந்தக் கிழமைக்கு ஒரு காரியத்தை மட்டும் கேட்கிறேன். இன்றோ நாளையோ, சாப்பாட்டுக் கோப்பையோடு பிள்ளை அறைக்குள் போகும்போது, நீங்களும் உங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போங்கள். கதவைத் தட்டுங்கள். கட்டிலின் ஓரத்தில் இருங்கள். "பிள்ளை, இப்ப கொஞ்ச நாளாய் நீ எப்பிடி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். "ஒண்டுமில்லை" என்று பதில் வரும். கோபிக்க வேண்டாம். சாப்பிட்டு முடியும்வரை இருந்துவிட்டு எழும்பி வாருங்கள். மறுநாளும் போங்கள். ஆண்டவரே எலியாவிடம் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

மரியாளும் யோசேப்பும் பிள்ளையைத் தேடித் திரும்பி நடந்தார்கள். அவர்களுடைய பயணம் ஒரு நாள் பிந்தியது, இரண்டு நாள் பிந்தியது, மூன்று நாள் பிந்தியது. அதை இழப்பாக அவர்கள் எண்ணவில்லை. அதன்பின் மகன் அவர்களோடு நாசரேத்துக்குப் போய், ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும், கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராய் வளர்ந்துவந்தார் என்று புனித லூக்காஸ் முடிக்கிறார். நம் பிள்ளைகளும் அவ்வாறே வளரவேண்டும் என்பதுதானே நமது விருப்பம்.

நாசரேத்தூர் அன்னையே, மகனைத் தேடி நடந்த மூன்று நாளின் வேதனையை நீர் அறிவீர். கூட இருந்தும் தொலைந்துபோன எங்கள் பிள்ளைகளைத் தேட எங்களுக்குக் கால்களையும், கேட்கச் செவிகளையும், விளங்காததை வைத்துக்கொள்ள இதயத்தையும் உம் திருமகனிடமிருந்து பெற்றுத் தாரும். ஆமென்.